பட்டியலில் ஏழாவது பெயர்

ஆவாரங்குடிக்காடு அரசு உயர்நிலைப்பள்ளியில் வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளை வந்தால் பத்தாம் வகுப்பு ஆசிரியர்கள் தலைமையாசிரியர் அறையில் கூடிவிட வேண்டும். பின்தங்கிய பிள்ளைகள் யார் யார், அவர்களுக்கு என்ன உதவி தேவை, அதை யார் செய்வது என்று பேசி முடிவெடுத்து மினிட் நோட்டில் எழுத வேண்டும். இரண்டு வருடமாக இந்த ஏற்பாடு. டீ வரும், பிஸ்கட் வரும், நோட்டு ஒரு சுற்று சுற்றிவரும், எல்லோரும் கையெழுத்துப் போட்டுவிட்டுக் குரும்பலூர் வழியாகப் பெரம்பலூர் போகிற நாலரை மணி பஸ்ஸைப் பிடிக்க ஓடுவார்கள்.

ஆனி ரோசுக்கு அந்தக் கூட்டம் பிடிக்காது. கணக்கு ஆசிரியை. பத்தொன்பது வருட சர்வீஸ். வரதராசன்பேட்டையில் பிறந்து வளர்ந்தவள். அப்பாவும் சித்தப்பாவும் வாத்தியார்கள். அவளிடம் படித்த பிள்ளைகள் கணக்கில் தோற்பது அபூர்வம். கூட்டத்தில் உட்கார்ந்திருக்கும் நேரத்துக்கு இருபது விடைத்தாள் திருத்திவிடலாம் என்று அவள் வெளிப்படையாகவே சொல்வாள்.

காலாண்டுத் தேர்வு முடிந்து நவம்பர் முதல் வெள்ளியன்று நடந்த கூட்டத்தில் பட்டியலில் ஏழு பெயர் இருந்தது. ஆறு பேருக்கு வழக்கமான மருந்துதான்: சாயங்கால வகுப்பு, முக்கியமான வினாக்கள் மட்டும் அச்சடித்த நோட்டு, நன்றாகப் படிக்கிற பிள்ளை ஒன்றைப் பக்கத்தில் உட்கார வைப்பது. ஏழாவது பெயர் பூவிழி. தமிழ் இருபத்திரண்டு, ஆங்கிலம் ஒன்பது, கணக்கு நான்கு.

தலைமையாசிரியர் ஜெயசீலன் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். ஓய்வுக்கு இரண்டு வருடம் இருக்கிறது அவருக்கு. போன வருடம் மூன்று பேர் தோற்றதற்கு, மேலிடத்துக் கூட்டத்தில் இருநூறு பேருக்கு நடுவே எழுந்து நின்று பதில் சொல்லிவிட்டு வந்தவர்.

“இந்தப் பொண்ண என்ன பண்றது?” என்றார்.

“சுவத்துக்கிட்ட பேசற மாதிரி இருக்குங்க சார்,” என்றார் தமிழரசன். தமிழாசிரியர், பத்தாம் வகுப்புக்கு அவர்தான் பொறுப்பு. “வாசிக்கச் சொன்னா எழுந்திரிக்கவே மாட்டேங்குது. தலையக் குனிஞ்சுக்குது. அதுக்கு எழுத்துக்கூட்டவே தெரியாதுன்னு நெனக்கிறேன்.”

அறிவியல் ஆசிரியர் சரத்குமார் செல்போனிலிருந்து தலையைத் தூக்காமல், “எங்கிட்டயும் அப்படித்தான்,” என்றார்.

“அப்ப ஒண்ணு செய்யலாம். தேர்வுக்குப் பேர்ப் பட்டியல் அனுப்பறதுக்குள்ள அம்மாவக் கூப்பிட்டு டி.சி. வாங்கிக்கச் சொல்லிடுவோம். அடுத்த வருசம் பிரைவேட்டா எழுதிக்கட்டும். அதுக்கும் நல்லது, நமக்கும் நல்லது. என்ன டீச்சர்?” என்றார் ஜெயசீலன்.

ஆனி ரோஸ் மறுத்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. மனசுக்குள் லேசாக ஒரு நிம்மதிகூட வந்தது. அந்த நான்கு மதிப்பெண் அவளுடைய கணக்கில் விழுந்த கறை. நோட்டு வந்தது, கையெழுத்துப் போட்டாள், பஸ்ஸைப் பிடித்தாள்.

திங்கட்கிழமை பதினோரு மணிக்கு மருதாயி வந்தாள். மக்காச்சோளக் காட்டில் களை வெட்டிக்கொண்டிருந்தவளை ஆள் அனுப்பிக் கூப்பிட்டிருந்தார்கள். காலில் செம்மண் அப்படியே இருந்தது. புருசன் ஆலத்தியூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுகிறவன், பதினைந்து நாளைக்கு ஒருமுறை வருவான் என்பதால் பள்ளிக்கூடம், ரேஷன், ஆஸ்பத்திரி எல்லாம் அவள் தலையில்தான். அவளுக்கு எதிரே தலைமையாசிரியர், தமிழரசன், ஆனி ரோஸ் மூன்று பேரும் நாற்காலியில் இருந்தார்கள். மருதாயி நின்றாள். பக்கத்தில் பூவிழியும் நின்றாள்.

ஜெயசீலன் அன்பாகத்தான் பேசினார். பிள்ளைக்குப் படிப்பு ஏறவில்லை, வற்புறுத்தினால் மனசு ஒடிந்துபோகும், ஒரு வருடம் வீட்டில் இருந்து நிதானமாக எழுதட்டும் என்றார். பிறகு ஒரு தாளை நீட்டினார். “இதுல ஒரு கையெழுத்துப் போடும்மா. கைநாட்டா இருந்தாலும் பரவால்ல.”

“என்னா எழுதியிருக்கு இதுல?”

“நீ கேட்டுக்கிட்டபடி டி.சி. குடுக்கறோம்னு.”

“நான் எப்பங்க கேட்டேன்?”

ஜெயசீலன் சிரித்து மழுப்பினார். மருதாயி தாளை வாங்கினாள். இப்படியும் அப்படியும் பார்த்தாள். பிறகு மகளின் தோளைத் தொட்டு, தன் முகத்துக்கு நேராகத் திருப்பி, “ஏ பாப்பா, இத சத்தமாப் படி,” என்று வாயைத் திறந்து திறந்து சொல்லி, தாளை அவள் கையில் வைத்தாள்.

தமிழரசன் சங்கடமாக நெளிந்தார். “அது எங்கம்மா படிக்கப்போவுது…”

பூவிழி படித்தாள். தடித்த, ஏற்ற இறக்கம் இல்லாத குரல். ஆனால் ஓர் எழுத்துக்கூடப் பிசகவில்லை.

“‘எனது மகள் பூவிழி தங்கள் பள்ளியில் பத்தாம் வகுப்பு பயின்று வருகிறாள். குடும்பச் சூழ்நிலை காரணமாக அவளால் தொடர்ந்து பள்ளிக்கு வர இயலவில்லை…’”

அங்கே நிறுத்தினாள். அம்மாவைப் பார்த்தாள்.

“நான் தெனமும் வந்தேனேம்மா.”

தமிழரசனின் முகம் செத்துப்போனது. ஆறு மாதமாக வகுப்பு நடத்துகிற பிள்ளை வாசித்து அவர் கேட்பது அதுதான் முதல் தடவை.

மருதாயி தாளைப் பிடுங்கி மேசைமேல் போட்டாள்.

“படிக்கத் தெரியாதுன்னீங்க. இப்ப யாரு படிச்சது? எம்புள்ளக்கி காது கேக்காதுங்க. காதுல சீழ் வருது, நாலாவதுலேர்ந்து வருது. மருந்து ஊத்துனா பத்து நாளு நிக்கும், மறுபடி வந்துரும். போன வருசம் ஒம்பதாவதுல இருந்த சாருகிட்ட நானே வந்து சொன்னேன், முன்னால ஒக்கார வைங்க சார்னு. சரிம்மான்னாரு. அவரு மாத்தலாகிப் போயிட்டாரு. முன்னால வச்சீங்களா?” அவள் கை நேராக ஆனி ரோசைக் காட்டியது. “இந்த டீச்சரம்மாதான் நாத்தம் அடிக்குதுன்னு எம்புள்ளய கடைசி பெஞ்சுக்குத் தொரத்துனது. ஒருநாளு பூரா அழுதுச்சு வூட்ல. சோறு திங்கல. ஒண்ணரை வருசமா அங்கதானே கெடக்குது? கேக்காத புள்ளய கடைசியில ஒக்கார வச்சுட்டு, படிக்க மாட்டேங்குதுன்னு வூட்டுக்கு அனுப்பறீங்களே, நீங்கல்லாம் வாத்தியாருங்களா?”

“மரியாதையாப் பேசும்மா,” என்றார் ஜெயசீலன்.

“மரியாதயா இந்தக் கடுதாசியக் கிழிச்சுப் போடுங்க மொதல்ல.”

மகளின் கையைப் பிடித்து வகுப்பு வாசல்வரை கொண்டுபோய் விட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் காட்டுக்குப் போய்விட்டாள்.

ஆனி ரோசுக்கு நினைவு வர நேரமாகவில்லை. அதுதான் கொடுமை. ஒன்பதாம் வகுப்பு, ஜூன் மாதம், பள்ளி திறந்து இரண்டாவது வாரம். கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தபோது இரண்டு பெண்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு முறையிட்டார்கள். அவள் திரும்பக்கூட இல்லை. “பூவிழி, நீ கடைசி பெஞ்சுக்குப் போ, சன்னல் பக்கம் காத்தோட்டமா இருக்கும்,” என்றாள். வகுப்பு சிரித்தது. பூவிழி நகரவில்லை. “சொல்றது காதுல விழல?” என்று அதட்டினாள். வகுப்பு மறுபடியும் சிரித்தது. யாரோ தொட்டுச் சொன்ன பிறகுதான் அந்தப் பிள்ளை பையைத் தூக்கிக்கொண்டு போனது.

காதுல விழல. அந்த வார்த்தையைத்தான் அவள் சொல்லியிருக்கிறாள்.

அன்று சாயங்காலம் பஸ்ஸில் சன்னலோரம் உட்கார்ந்தாள். முதலில் கோபம் மருதாயிமேல் வந்தது. எல்லோர் முன்னாலும் கை நீட்டிப் பேசிவிட்டாளே என்று. குரும்பலூர் வருவதற்குள் அது ஜெயசீலன்மேல் திரும்பியது. பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போது கோபப்பட வேறு யாரும் மிச்சமில்லை, அவள் மட்டும்தான் இருந்தாள்.

மறுநாள் மதிய இடைவேளையில் பூவிழியைக் காலி வகுப்பறைக்கு அழைத்துப்போய், கரும்பலகையைப் பார்த்து நிற்கச் சொன்னாள். பத்தடி பின்னால் போய் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். அசைவில்லை. ஆறடி. அசைவில்லை. இடது பக்கம் கையெட்டும் தூரத்தில் நின்று கூப்பிட்டும் ஒன்றுமில்லை. வலது பக்கம் மூன்றடிக்கு வந்து உரக்கச் சொன்னபோதுதான் அந்தத் தலை திரும்பியது. இதற்கு ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. ஐந்து நிமிட வேலை. அதை ஒருத்தரும் செய்யவில்லை.

முகத்துக்கு நேரே நின்று கேட்டாள்: “நான் நடத்தறது உனக்குக் கேக்குமா?”

“நீங்க இந்தப் பக்கம் பாத்துப் பேசினா வாய வச்சுக் கொஞ்சம் புரியும் டீச்சர். நீங்க திரும்பவே மாட்டீங்க.”

உண்மைதான். கரும்பலகையைப் பார்த்துக்கொண்டே பேசுவது அவள் பழக்கம். கை எழுத எழுத வாய் பேசும். அந்த வேகத்தைப் பெருமையாக வேறு நினைத்திருந்தாள்.

“ஏன் எங்கிட்ட சொல்லல நீ?”

பூவிழி காதில் வைத்திருந்த பஞ்சைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். “கிட்ட வந்தா நாத்தம் அடிக்கும்ல டீச்சர்.”

ஆனி ரோசுக்கு மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று இருந்தது. வாய் வரவில்லை. “போயி சாப்பிடு,” என்று அனுப்பிவிட்டாள். பிறகு அந்தக் காலி வகுப்பில், கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்து பார்த்தாள். அங்கிருந்து பலகையில் பாதிதான் தெரிந்தது. மீதியைத் தூண் மறைத்தது.

வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் அவள் டீயைத் தொடவில்லை. ஜெயசீலன் பட்டியலை எடுத்து, பூவிழி பெயருக்கு வந்ததும், “வார்டு மெம்பர விட்டு அந்தம்மாகிட்டப் பேசச் சொல்லியிருக்கேன், ரெண்டு நாள்ல கையெழுத்துப் போட்டுடும்,” என்றார்.

“சார், அந்தப் பிள்ளைக்குக் காது கேக்கல.”

“அன்னைக்கித்தான் சொன்னாங்களே.”

“நான் செவ்வாக்கெழம சோதிச்சுப் பாத்தேன். எடது காது சுத்தமா இல்ல. வலதுல பாதி இருக்கும். இதுவரைக்கும் அந்தப் பிள்ளயப் பத்தி நாம எத்தன கூட்டம் போட்டிருக்கோம்? நோட்டப் பாருங்க. எட்டு. எட்டுத் தடவ ‘கவனக் குறைவு’ன்னு எழுதி நானும் கையெழுத்துப் போட்டிருக்கேன். என்னா பாத்தோம் சார் நாம? பிஸ்கட்டு தின்னோம்.”

சரத்குமார் செல்போனைச் சட்டைப்பையில் வைத்தார்.

“சத்தம் போடாதீங்க டீச்சர்,” என்றார் ஜெயசீலன். “பாவந்தான், யாரு இல்லன்னா? ஆனா நவம்பர் ஆயிடுச்சு. இனிமே அதப் பாஸ் பண்ண வைக்க முடியுமா? ஒரு ஆளு போனா நூத்துக்கு நூறு தேர்ச்சி போச்சு. எழுந்து நிக்கப்போறது நீங்க இல்ல, நான்.”

“நிப்பீங்க சார். ஒரு மத்தியானம் நிப்பீங்க. அது எங்க போயி நிக்கும்? திருப்பூர் மில்லு வண்டி ஊருக்குள்ள வாரா வாரம் வந்து ஆள் ஏத்துது, தெரியுமா தெரியாதா உங்களுக்கு?”

ஜெயசீலனுக்கும் சூடு ஏறியது. “ரொம்பப் பேசறீங்க. கடைசி பெஞ்சுக்கு அனுப்பினது நானா? நீங்கதானே? போன வாரம் டி.சி.ன்னு சொன்னப்ப ஏன் வாயத் தொறக்கல?”

அடி சரியான இடத்தில் விழுந்தது. தமிழரசன் கீழே குனிந்துகொண்டார். ஆனி ரோஸ் எதிர்பார்த்து வந்த அடிதான் அது.

“ஆமா, நான்தான். அத எழுதணும்ல? குடுங்க அந்த நோட்ட.”

மினிட் நோட்டைத் தன் பக்கம் இழுத்து, நின்றபடியே எழுதினாள். ‘மாணவி பூவிழிக்குச் செவித்திறன் குறைவு உள்ளது. ஒன்பதாம் வகுப்பில் இவரைக் கடைசி பெஞ்சுக்கு அனுப்பியவர் கணித ஆசிரியை ஆனி ரோஸ் ஆகிய நான். குறைபாட்டைக் கண்டறியாமல் எட்டுக் கூட்டங்களில் கையெழுத்திட்டுள்ளேன். தாயார் டி.சி. கேட்கவில்லை. கடிதம் பள்ளியில் தயாரிக்கப்பட்டது.’

ஜெயசீலன் கடைசி வரியைப் படித்துவிட்டு எழுந்தேவிட்டார். “இத எப்படி எழுதலாம் நீங்க? ஆடிட்டு வந்தா?”

“வரட்டும். படிக்கட்டும்.”

“கிழிச்சுடுவேன்.”

“பக்கத்துக்கு நம்பர் போட்டிருக்கு சார்.”

வெளியே மணி அடித்து, பிள்ளைகள் இரைச்சலாக வெளியேறிப் போனார்கள். நாலரை மணி பஸ்ஸும் போனது. கடைசியில் தமிழரசன் தொண்டையைச் செருமினார்.

“நானும் கையெழுத்துப் போடறேன். எழுத்துக்கூட்டத் தெரியாதுன்னு சொன்னது நான்தான். அது அந்தக் கடுதாசியப் படிச்சதுலேர்ந்து எனக்குச் சோறு எறங்கல.” கையெழுத்துப் போட்டுவிட்டு, பேனாவை மூடாமலே கேட்டார்: “இப்ப என்ன பண்ணலாம், சொல்லுங்க.”

அன்றைக்குத்தான் அந்த அறையில் உண்மையான கூட்டம் நடந்தது. முதல் பெஞ்சில் இடது ஓரம், வலது காது ஆசிரியர் பக்கம் இருக்கும்படி இடம். பேசும்போது எல்லோரும் பிள்ளைகள் பக்கம் திரும்பித்தான் பேச வேண்டும். பாடத்தின் முக்கியமான வரிகளைப் பலகையில் முதலிலேயே எழுதிவிட வேண்டும். தினமும் ஒரு பத்தி அவளை வாசிக்க வைப்பது தமிழரசன் பொறுப்பு. அறிவியல் படங்களை முந்தின நாளே கொடுப்பது சரத்குமார் பொறுப்பு. ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போவது ஆனி ரோஸ். முடிவில், வேறு வழியில்லாமல், ஜெயசீலனும் கையெழுத்துப் போட்டார்.

மருதாயி ஆஸ்பத்திரிக்கு வர ஒத்துக்கொண்டாள். ஆனி ரோசோடு பேச ஒத்துக்கொள்ளவில்லை. சனிக்கிழமை காலை, அழைத்துப்போக ஊருக்கே வந்த ஆனி ரோசோடு பெரம்பலூர் பஸ்ஸில் ஏறி, மகளை நடுவில் உட்கார வைத்து, முக்கால் மணி நேரமும் எதிர்ப்பக்கச் சன்னலையே பார்த்துக்கொண்டு வந்தாள். டாக்டர் சின்ன வயசுப் பெண். விளக்கை வைத்துப் பார்த்துவிட்டு, “எத்தன வருசமா?” என்று கேட்டார்.

“நாலாவதுலேர்ந்து,” என்றாள் மருதாயி.

“ஆறு வருசமா?” டாக்டர் ஆனி ரோசைப் பார்த்தார். “நீங்க யாரு?”

“அவளோட டீச்சர்,” என்றாள் ஆனி ரோஸ்.

டாக்டர் அவளை மறுபடி ஒருமுறை பார்த்தார். அந்தப் பார்வையே போதுமானதாக இருந்தது. செவிப்பறையில் ஓட்டை, உள்ளே எலும்புவரை பரவியிருக்கிறது, திருச்சியில் ஆபரேஷன் செய்ய வேண்டும், தேர்வு முடிந்து செய்யலாம், அதுவரை சொட்டு மருந்தும் காதுக் கருவியும் என்றார். தேர்வில் கூடுதல் நேரம் கேட்டு விண்ணப்பிக்கச் சான்றிதழும் தந்தார்.

அந்த விண்ணப்பத்தை ஆனி ரோஸ் இரண்டு நாளில் பூர்த்தி செய்து ஜெயசீலன் மேசையில் கையெழுத்துக்கு வைத்தாள். அடுத்த வாரம் அவள் தேர்தல் பயிற்சிக்குப் போய்விட்டாள். ஒன்பதாம் நாள் வந்து பார்க்கும்போது அது அதே இடத்தில், சத்துணவு முட்டைக் கணக்கு நோட்டுக்கு அடியில் கிடந்தது. கடைசித் தேதி முந்தின நாளோடு முடிந்திருந்தது.

“மறந்துட்டேன் டீச்சர், நெசமாவே மறந்துட்டேன்,” என்றார் ஜெயசீலன்.

உண்மையாக மறந்தாரா, மறந்ததுபோல் விட்டாரா என்பது அவளுக்குக் கடைசிவரை தெரியவில்லை. அந்த நேரத்தில் தெரிந்துகொள்ளவும் தோன்றவில்லை. ஃபைலை ஓங்கி மேசைமேல் அடித்தாள். மேசையில் இருந்த தண்ணீர் டம்ளர் உருண்டு அவர் மடியில் கொட்டியது.

“ஒரு கையெழுத்து சார். ஒரே ஒரு கையெழுத்து. உங்க பேரத்தானே போடச் சொன்னேன்?”

பெரம்பலூர் ஆபீசுக்குப் போய்க் கேட்டாள். தேதி முடிந்ததை யாராலும் திறக்க முடியவில்லை. மேலதிகாரியிடம் அநாகரிகமாக நடந்துகொண்டதற்கு விளக்கம் கேட்டு ஜெயசீலன் அவளுக்கு மெமோ கொடுத்தார். ‘டம்ளருக்கு வருந்துகிறேன்’ என்று ஒரே வரியில் பதில் எழுதிக் கொடுத்தாள்.

ஆனால் வெள்ளிக்கிழமைக் கூட்டம் நிற்கவில்லை. ஜெயசீலன் வந்தாலும் வராவிட்டாலும் மற்ற மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். தமிழரசன் வகுப்பில் முதல் நாள் பூவிழி வாசித்தபோது பிள்ளைகள் குரலைக் கேட்டுச் சிரித்தார்கள். அவர் சிரித்த ஒவ்வொருத்தரையும் எழுப்பி அதே பத்தியை வாசிக்கச் சொன்னார். பாதிப் பேர் தடுமாறினார்கள். அதோடு சிரிப்பு நின்றது. அரையாண்டில் அவளுக்குத் தமிழில் நாற்பத்தெட்டு. அறிவியலும் ஆங்கிலமும் ஏறின. கணக்கு மட்டும் பதினேழில் நின்றது. ஆனி ரோஸ் தினமும் தனியாக அரைமணி நேரம் உட்கார்ந்தாள். பத்தாம் வகுப்புக் கணக்கு ஒவ்வொன்றும் ஒன்பதாம் வகுப்பில் எங்கேயோ போய் மாட்டிக்கொண்டு அறுந்தது. அறுந்த இடத்தை முடிந்துமுடிந்து ஓட்டினாள். நேரம் போதவில்லை.

மே மாதம் தேர்வு முடிவு வந்தது. தமிழ் அறுபத்தொன்று, சமூக அறிவியல் ஐம்பத்திரண்டு, அறிவியல் நாற்பத்து நான்கு, ஆங்கிலம் முப்பத்தெட்டு. கணக்கு இருபத்தொன்பது. முப்பத்தைந்து இருந்தால் தேறியிருப்பாள். கடைசி இரண்டு கணக்கை அவள் தொடவே இல்லை. நேரம் தீர்ந்துவிட்டது என்றாள். பள்ளியில் மற்ற எல்லோரும் தேறியிருந்தார்கள்.

“பாத்தீங்களா? ஒத்த ஆளு. ஒத்த ஆளால நூறு போச்சு,” என்றார் ஜெயசீலன் ஆசிரியர் அறை வாசலில் நின்று.

“ஒத்த ஆளாலதான் சார்,” என்றாள் ஆனி ரோஸ். “ஆனா அந்த ஆளு பூவிழி இல்ல. கூடுதலா ஒரு மணி நேரம் இருந்திருந்தா அந்த ரெண்டு கணக்கையும் போட்டிருக்கும்.”

அவர் திரும்பித் தன் அறைக்குப் போனார்.

பூவிழி மறுநாள் தனியாகப் பள்ளிக்கு வந்தாள். விடுமுறை, வளாகத்தில் வேறு ஒருத்தரும் இல்லை. துணைத்தேர்வுக்கு விண்ணப்பம் போட வந்தவளை ஆனி ரோஸ் வராந்தாவில் நிறுத்தி, ஆறு மாதமாகத் தொண்டையில் கிடந்ததை ஒருவழியாகச் சொன்னாள்.

“உன்னப் பின்னால அனுப்பினது தப்பு பூவிழி. எல்லாரும் சிரிக்கிற மாதிரி பேசினது அதவிடத் தப்பு. என்னய மன்னிச்சுக்க.”

பூவிழி அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழுவாள், பரவாயில்லை டீச்சர் என்பாள் என்று எதிர்பார்த்தால், அந்தப் பிள்ளை முகத்தில் கோபம் ஏறியது. இத்தனை நாள் எங்கே வைத்திருந்தாளோ.

“ஒம்பதாவதுல நீங்க நடத்துன ஒரு கணக்கும் எனக்குத் தெரியாது டீச்சர். ஒண்ணுகூட கேக்கல. அதயும் மொதல்லேர்ந்து எடுங்க.”

அவ்வளவுதான் சொன்னாள். பையிலிருந்து ஒன்பதாம் வகுப்புப் புத்தகத்தை எடுத்து வெளியே வைத்தாள். மடிப்புக்கூட விழாத புத்தகம்.

அந்தக் கத்திரி வெயிலில் தினமும் காலை ஏழரை மணிக்கு ஆனி ரோஸ் பெரம்பலூரிலிருந்து பஸ் ஏறி வந்தாள். முதல் பாடத்திலிருந்து தொடங்கினாள். எழுதிவிட்டுத் திரும்பினாள், முகத்தைப் பார்த்துப் பேசினாள், பேசிவிட்டு மறுபடி எழுதினாள். பழைய வேகத்தில் ஒரு மணி நேரத்தில் முடித்திருக்கக்கூடியது மூன்று மணி நேரம் பிடித்தது. பூவிழி புரியாத இடத்தில் இப்போது சும்மா இருக்கவில்லை. “மறுபடி சொல்லுங்க,” என்பாள். நாலு தடவை, ஐந்து தடவை. ஆனி ரோசுக்குச் சில நேரம் எரிச்சல் வரும். அதை விழுங்கிக்கொண்டு மறுபடி சொல்வாள். சில நாள் தமிழரசனும் வந்து ஒரு மூலையில் உட்கார்ந்து, பூவிழிக்கு மோர் வாங்கி வைத்துவிட்டுப் போவார்.

துணைத்தேர்வில் கணக்கில் நாற்பத்து மூன்று வந்தது. குரும்பலூரில் பதினொன்றாம் வகுப்புக்கு இடமும் கிடைத்தது.

சான்றிதழ் வாங்க மருதாயி மகளோடு வந்தாள். அலுவலகத்தில் வாங்கிக்கொண்டு வெளியே வந்தவளை ஆனி ரோஸ் வராந்தாவில் பார்த்தாள்.

“பூவிழி நல்லாப் படிச்சாம்மா,” என்றாள்.

மருதாயி நின்றாள். சான்றிதழைப் பாலிதீன் பையில் போட்டு, பையை நாலாக மடித்து, முந்தானையில் சுற்றிக்கொண்டாள்.

“அது எப்பவும் நல்லாத்தான் படிச்சுது,” என்றாள். “நான் பாக்காம விட்டிருந்தா இந்நேரம் மில்லுலதான் நூலு ஓட்டிக்கிட்டு கெடக்கும். ஏதோ செஞ்சீங்க, இல்லேங்கல. ஆனா எனக்கு ஆத்தாமை தீரல டீச்சர். தீரவும் தீராது.”

ஆனி ரோஸ் தலையாட்டினாள்.

“ஆகஸ்டு பன்னெண்டாந்தேதி திருச்சியில ஆபரேஷனுக்கு வரச் சொல்லியிருக்காங்க,” என்றாள் மருதாயி. “அங்க இங்கிலீசுல கேப்பாங்க. எங்க வூட்டுக்காரரு வண்டிய விட்டுட்டு வர முடியாது. நீங்க வரணும்.”

அவள் கேட்கவில்லை, சொன்னாள்.

“எத்தன மணிக்கும்மா?” என்றாள் ஆனி ரோஸ்.

“விடிகாலம் அஞ்சு மணி பஸ்ஸு,” என்று சொல்லிவிட்டு மருதாயி படியிறங்கிப் போனாள்.